விம்ஆர்சியில் பைத்தான் ஃபங்ஷனை அழைப்பது

விம் எடிட்டரின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சிக்குள், டேப்ஸ்டாப்பை (ஒரு டேப்பின் அகலத்தை) இரட்டிப்பாக்கும் ஃபங்ஷனைப் பைத்தானில் எழுதி, அதை 'கால்' போட்டு அழைத்தால், 'தெரியாத ஃபங்ஷன்' என்று 117ஆம் எண் பிழை வருகிறது என்கிறீர்கள். உங்கள் பைத்தானில் கோளாறு இல்லை. 'கால்' தேடுவது விம்மின் சொந்த மொழியான விம்ஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களை மட்டும்தான். பைத்தான் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

சும்மா ஓடினால் போதுமென்றால், பைத்தான்3 கட்டளைக்குப் பின்னால் ஃபங்ஷன் பெயரையும் வெற்று அடைப்புக்குறிகளையும் எழுதுங்கள். விடை திரும்ப வேண்டுமா? அதே அழைப்பை மேற்கோளுக்குள் வைத்து 'பிஒய்3இவால்' ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். பைத்தான் பட்டியல்கூட விம் பட்டியலாகவே வந்து சேரும்.

அப்புறம், நீங்கள் டேப்ஸ்டாப்பை இரட்டிப்பாக்குகிறீர்கள் இல்லையா, அங்கேதான் அடுத்த குழி. பைத்தானுக்குள் விம்மின் மதிப்பைக் கேட்டு வாங்கும் 'விம்.இவால்' எண்ணைக்கூட எழுத்துச் சரமாகத்தான் தரும். 4ஐ 2ஆல் பெருக்கினால் 8 வராது, 44 வரும்! நானும் இதில் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன். முதலில் 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 'ஹேஸ்' ஃபங்ஷனிடம் பைத்தான்3 இருக்கிறதா என்று கேளுங்கள். 0 என்று வந்தால் உங்கள் விம்மில் அந்த வசதியே கிடைக்கவில்லை, மேலே சொன்ன எதுவும் ஓடாது.