‘இரண்டாவதுதானே’ என்று இருந்துவிடாதீர்கள்

கேள்வி: மண்டூரில் தாய்வீட்டில் இருக்கிறேன். வயது 29. இரண்டாவது பிள்ளை கிடைக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மூத்தவளுக்கு மூன்றரை வயது. அவள் சுகப்பிரசவம்தான், ஆனால் வலி தொடங்கி 16 மணித்தியாலம் சென்றே பிறந்தாள். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். எதைக் கேட்டாலும் “இரண்டாவதுதானே, உனக்குத் தெரியாததா” என்கிறார்கள். இம்முறை எப்போது வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்? என்னை விட்டு ஒரு நாளும் தனியே படுக்காத மகளை என்ன செய்வது? பத்தியம் என்று தண்ணீரையும் குறைக்க வேண்டும் என்கிறார் அம்மா. சரியா?

பதில்: தங்கைக்கு, அந்த ‘இரண்டாவதுதானே’ என்ற பேச்சை வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியில் நானும் நாள்தோறும் கேட்கிறேன். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பித் தாய்மார் பிந்தி வருகிறார்கள், வலியை அடக்கிக்கொள்கிறார்கள், வீடு திரும்பிய மறுநாளே கிணற்றடியில் நிற்கிறார்கள். ஒருமுறை பெற்ற உடம்புக்கு வழி தெரியும் என்பது உண்மை. அதனால்தான் நீங்கள் இம்முறை முந்திப் புறப்பட வேண்டும்.

அந்த 16 மணித்தியாலக் கணக்கை மறந்துவிடுங்கள். முன்பு ஒருமுறை விரிந்த கருப்பைக் கழுத்து இரண்டாம் முறை விரைவாக இளகும். பெரும்பாலும் முதல் பிரசவத்துக்குச் சென்ற நேரத்தில் ஏறக்குறைய பாதியில், சிலருக்கு அதற்கும் குறைவாக, பிள்ளை வந்துவிடும். வலி 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்காக வரத் தொடங்கினாலே புறப்படுங்கள். நீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. குருமண்வெளிக்குப் ‘பாதை’ எனும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடப்பது உங்கள் ஊருக்குப் பழக்கம்தான். இரவிலும் மாரி மழையிலும் அதை நம்பியிருக்க வேண்டாம். வெல்லாவெளி வழியாகப் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போக எந்த வாகனம், யார் ஓட்டுவது, அவர் இல்லாவிட்டால் யார் என்று இந்த வாரமே பேசி வையுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மழை விடாமல் பெய்து வீதியில் வெள்ளம் ஏறும் போலிருந்தால், முன்கூட்டியே வந்து தங்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து வரும் தாய் அப்படிக் கேட்பதுதான் நியாயம்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் அதிகம் துடிப்பது அவளுக்கான கவலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுகப்பிரசவமென்றால் பிறந்தபின் ஒரு நாளாவது, சத்திரசிகிச்சையென்றால் மூன்று நாள் அளவில் நீங்கள் விடுதியில் இருக்க நேரும். அந்த இரவுகளை இப்போதே பழக்குங்கள். இன்றிலிருந்து அவள் அம்மம்மாவின் பாயில் படுக்கட்டும், நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். “அம்மா வைத்தியசாலைக்குப் போய்ப் பாப்பாவோடு வருவேன், அதுவரை அம்மம்மா கதை சொல்லுவா” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவள் தூங்கும்போது சொல்லாமல் போய்விடாதீர்கள். நள்ளிரவில் புறப்பட்டாலும் எழுப்பி ஒரு முத்தம் கொடுத்துச் செல்லுங்கள். அழுவாள், அழட்டும். எழும்பிப் பார்க்கும்போது தாய் இல்லாத வீடு அதைவிடக் கொடியது.

வீடு திரும்பும்போது குழந்தையை உங்கள் அம்மா தூக்கி வரட்டும். நீங்கள் வெறுங்கையோடு படியேறி முதலில் மூத்தவளை அணைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு அவளை மடியில் ஏறவிடுங்கள். சத்திரசிகிச்சை நடந்திருந்தால் ஆறு வாரத்துக்கு அவளைத் தூக்க வேண்டாம். பிறகு சில வாரங்கள் அவள் பாயை நனைப்பாள், மழலை பேசுவாள், “எனக்கும் பால்” என்று வந்து நிற்பாள். அது குறும்பல்ல, தன் இடம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறாள். “நீ பெரிய பிள்ளை” என்று அதட்டாதீர்கள். “இனி அம்மா உனக்கில்லை” என்று சீண்டும் உறவினரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இந்தச் சீண்டல் எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை, பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவளோடு மட்டும் இருங்கள். கணவர் தொலைபேசியில் அழைத்தால் முதலில் அவளோடு பேசட்டும். குழந்தையை அவளோடு தனியே விடாதீர்கள், அன்பாகத் தூக்கப் போய்த் தவறவிடும் வயது அது. அவளுக்குத் தடிமன், காய்ச்சல் இருந்தால் குழந்தையின் முகத்தில் முத்தமிட விடாதீர்கள். டெங்கு பரவும் காலம், பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

உங்கள் உடம்பைப் பற்றி ஒன்று. பால் கொடுக்கும்போது அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும். கருப்பை சுருங்குவதால் வருவது அது. முதல் பிள்ளையைவிட இரண்டாவதுக்குக் கடுமையாக இருக்கும். என் இளையவன் பிறந்த இரவில், இதெல்லாம் படித்திருந்தும், நான் பயந்து தாதியைக் கூப்பிட்டேன். இரண்டு மூன்று நாளில் அடங்கும், பரசிற்றமோல் போடலாம்.

பத்தியத்தில் உங்கள் அம்மா வைக்கும் மிளகு, சீரகம், உள்ளி அரைத்த சரக்குக் கறியும் முருங்கை இலையும் மீனும் நல்லவை. தண்ணீரைக் குறைப்பது மட்டும் தவறு. பால் கொடுப்பவருக்குத் தாகம் கூடும், மலச்சிக்கல் வரும். தாகத்துக்கு நிறையக் குடியுங்கள், மரக்கறியும் பழமும் சாப்பிடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மாவிடம் என் பெயரைச் சொல்லுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும். குழந்தைக்கு உரைமருந்து, சீனித்தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தொப்புளிலும் ஒன்றும் பூசக்கூடாது.

இரண்டாம், மூன்றாம் நாளில் முகம் சற்று மஞ்சளாவது வழக்கம். முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், காலும் உள்ளங்கையும் மஞ்சளானாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் வெயிலில் பிடித்துக்கொண்டு நாள் கடத்தாமல் வைத்தியசாலைக்கு வாருங்கள். நீங்கள் வர வேண்டியது: ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் நனைந்து போகும் இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கண் மங்கும் கடும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல்.

முதல் 10 நாளுக்குள் உங்கள் பகுதி மருத்துவமாது வீட்டுக்கு வருவார். வராவிட்டால் நீங்களே அறிவியுங்கள். மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றிக் கண்ணீர் வரும், கணவர் தொலைவில் இருக்கும்போது இன்னும் வரும். சில நாளில் அது தெளிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்றி, பிள்ளைகள்மேல் பற்றின்றி இருந்தால் அதை அந்த மருத்துவமாதுவிடம் அப்படியே சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் இரண்டு வாரமும் வேண்டாம், அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.