டூலாலி என்று சொல்லலாமா?

கேள்வி: ஓர் ஆங்கில நாவலில், நள்ளிரவில் தோட்டத்தில் நின்று மரங்களிடம் சத்தம் போடும் முதியவரை ‘கான் டூலாலி’ (gone doolally) என்று குறிப்பிட்டிருந்தார்கள். இதற்கு என்ன பொருள்? ஆங்கிலத்தில் எழுதும்போது நானும் இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: புத்தி தடுமாறி, காரண காரியமின்றி நடந்துகொள்வதைக் குறிக்கும் பிரிட்டிஷ் பேச்சு வழக்கு இது. ஆனால் சொல் பிறந்த இடம் இந்தியாதான். மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையின் இடைத்தங்கல் முகாம் இருந்தது. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் தாயகம் திரும்பும் கப்பலுக்காக அங்கே காத்திருந்தார்கள். படையினரை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் புறப்பட்டன என்பதால், பருவம் தவறி வந்து சேர்ந்தவர்கள் செய்வதற்கு வேலையின்றி மாதக்கணக்கில் வெயிலிலும் சலிப்பிலும் கிடந்தார்கள். குடியும் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, சிலருடைய நடத்தையே மாறிப்போனது. அந்த நிலையைச் சிப்பாய்கள் ‘டூலாலி தப்’ என்றார்கள். ‘தப்’ என்றால் இந்துஸ்தானியில் காய்ச்சல். பின்னாளில் ‘தப்’ என்ற சொல் உதிர்ந்து, ஊர்ப்பெயர் மட்டும் ஆங்கில நாவுக்கேற்பத் திரிந்து நிலைத்துவிட்டது.

‘ரன் அமோக்’ என்ற தொடரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலாய் மொழியிலிருந்து வந்த அந்தத் தொடரில் வெறிகொண்டு பிறரைத் தாக்கும் வன்முறை அடங்கியிருக்கிறது. டூலாலியில் அது இல்லை. மனம் தன் பிடியை இழப்பது மட்டுமே உண்டு. நீங்கள் படித்த முதியவர் எவரையும் தாக்கவில்லை என்பதால், நாவலாசிரியரின் தேர்வு மிகப் பொருத்தமானது.

பயன்படுத்தலாம், இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள். இது பெரும்பாலும் ‘கோ’ (go) என்ற வினையோடு சேர்ந்தே வரும். நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் கதையின் உரையாடலிலும் இயல்பாக அமையும். அலுவலகக் கடிதத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் பொருந்தாது. அமெரிக்க வாசகர் பலருக்கு இது புரியாமலும் போகலாம். கணினி திடீரென்று தாறுமாறாக இயங்கினாலோ, வேலைப்பளுவில் நீங்களே நிதானம் இழந்தாலோ தாராளமாகச் சொல்லுங்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரைப் பற்றி மட்டும் இதைச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நோயுற்ற சிப்பாய்களின் துயரத்திலிருந்து உருவான சொல்லை, இன்னொரு நோயாளியை எள்ளுவதற்கு எடுப்பது கொடுமை.