மைக்ரோபிளாஸ்டிக் விந்தகம் வரை எப்படிப் போகிறது?

"பிளாஸ்டிக் துகள் ஆணுறுப்பு வரைக்கும் போகிறதாமே, எப்படி? எங்களுக்கு நாலு வருஷமாகக் குழந்தை இல்லாததற்கு அதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விந்துப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரத்தம் வழியாகத்தான் போகிறது. சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வரும் துகள்கள் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். மிகமிகச் சிறியவை மட்டும் குடலையோ, மூச்சில் போனால் நுரையீரலையோ தாண்டி ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. விந்தகத்தில் ஒரு காவலும் உண்டு. விந்தணு உருவாகும் குழாய்களுக்குள் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, ரத்தத்தில் வரும் வேண்டாததைத் தடுத்து நிறுத்தும். எலிகளுக்குப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் துகளைக் கொடுத்த சோதனைகளில் அந்தப் பிணைப்பே தளர்ந்துபோனது.

2024-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் 23 ஆண்களின் விந்தகங்களையும் 47 நாய்களின் விந்தகங்களையும் ஆராய்ந்தார்கள். அத்தனையிலும் பிளாஸ்டிக். மனிதர்களிடம் கிராமுக்குச் சராசரியாக 329 மைக்ரோகிராம். நாய்களிடம் இருந்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிவிசி அதிகமிருந்த நாய்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. மனித விந்தகங்கள் பிரேதப் பரிசோதனையில் எடுத்துப் பதப்படுத்தியவை, அதனால் விந்தணுக்களை எண்ண முடியவில்லை. அதே வருஷம் மயாமியில், விறைப்புக் கோளாறுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 5 பேரில் 4 பேரின் ஆணுறுப்புத் திசுவிலும் துகள் கிடைத்தது.

ஆனால் அந்த 329-ஐ அப்படியே நம்பிப் பயப்பட வேண்டாம். திசுவைச் சூடாக்கி, வரும் ஆவியை வைத்துக் கணக்கிடும் முறை அது. உடம்புக் கொழுப்பும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் மாதிரியே ஆவி தரும், அதனால் கணக்கு கூடிப்போகலாம். விந்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்றால், சாம்பிளுக்காக நாங்கள் கையில் கொடுக்கும் டப்பாவே பிளாஸ்டிக். மூடியைத் திருகினாலே தூள் உதிரும். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் விந்திலுள்ள பிளாஸ்டிக் துகளைக் கண்டுபிடிக்கவே முடியாது. எந்த லேபாவது இதற்கென்று டெஸ்ட் எடுக்கிறோம் என்று காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு இதுதான் காரணம் என்று இன்றைக்கு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்குவதை விடுங்கள், பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். சூடுபட்டால்தான் துகள் அதிகம் உதிரும். அதற்குமேல் இதில் மனசை விட வேண்டாம்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு. மனைவிக்கு வருஷக்கணக்கில் ஸ்கேனும் ஊசியும் நடக்கும், கணவர் ஒருமுறைகூட சாம்பிள் கொடுத்திருக்க மாட்டார். நீங்கள் கொடுத்துவிட்டீர்களா? இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். எண்ணிக்கை குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் நூற்றுக்கு 35, 40 பேருக்கு வெரிகோசில், அதாவது விந்தகத்தின் மேல் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது. பலருக்குச் சின்ன ஆபரேஷனிலேயே எண்ணிக்கை கூடுகிறது. யூராலஜி டாக்டர் நிற்கவைத்துக் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.