மரத்துப்போகும் கிரீம்: எவ்வளவு, எங்கே, எத்தனை நிமிடம்?

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆரம்பத்திலிருந்தே ஒரு நிமிடத்துக்குள் விந்து வந்துவிடுகிறது. நண்பர் சொன்னதால் லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த கிரீம் வாங்கி, உறுப்பு முழுக்கத் தாராளமாகத் தடவி முக்கால் மணி நேரம் விட்டேன். விறைப்பே நிலைக்கவில்லை. அடுத்த முறை சீக்கிரமே, துடைக்காமல் உறவு கொண்டோம். மனைவிக்கு எரிச்சல், பிறகு அந்த இடமே மரத்துவிட்டது என்றாள். நரம்பு ஏதாவது பாதித்திருக்குமா? கிரீமை விட்டுவிடவா?

பதில்: நரம்பு பாதிக்கவில்லை, பயப்படாதீர்கள். இந்த மருந்துகள் உணர்ச்சி நரம்பில் சோடியம் நுழையும் வாயிலைத் தற்காலிகமாக அடைக்கின்றன. மருந்து ரத்தத்தில் கலந்து கரைந்ததும் வாயில் திறந்துவிடும், சில மணி நேரத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பும். கிரீமை விடவும் வேண்டாம். அளவும் நேரமும்தான் தவறிவிட்டன. முழுக்க மரத்துப்போன உறுப்பில் விறைப்பு நிலைக்காது. ஆய்வுகளிலேயே 45 நிமிடம் வைத்தவர்களுக்கு இதுதான் நடந்தது. நமக்கு வேண்டியது கூச்சம் கொஞ்சம் மட்டுப்படுவது மட்டுமே.

உங்கள் கிரீமின் ஒவ்வொரு கிராமிலும் லிடோகெய்ன் 25 மில்லிகிராம், பிரிலோகெய்ன் 25 மில்லிகிராம் இருக்கும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். தொடக்கத்தில் அதுவே போதும். தடவ வேண்டிய இடம் மொட்டும், மொட்டின் அடிப்பக்கத்தில் முன்தோலோடு சேரும் அந்த மெல்லிய மடிப்பும்தான். கூச்சம் அதிகம் உள்ள இடம் அது. தண்டு முழுக்கத் தடவுவதால் பலன் கூடாது, உடம்புக்குள் போகும் மருந்துதான் கூடும். சிறுநீர்த் துவாரத்துக்குள்ளும் விதைப்பையிலும் படக் கூடாது.

முதல் தடவை உறவுக்கு முன் தடவாதீர்கள். தனியாக இருக்கும் ஒரு நாளில் தடவி, 10, 15, 20 நிமிடங்களில் விரலால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரிய வேண்டும், கூச்சம் மட்டும் குறைந்திருக்க வேண்டும். அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறதோ அதுவே உங்கள் நேரம். பலருக்கு 15 முதல் 20 நிமிடம் வரும். முன்தோல் உள்ளவர்கள் தோலைப் பின்னுக்கு இழுத்துத் தடவி, மறுபடி மூடிவிடலாம். மூடிய இடத்தில் மருந்து வேகமாக ஊறும் என்பதால் இவர்கள் 10 நிமிடத்திலிருந்தே கவனிக்க வேண்டும்.

நேரமானதும் ஈரத்துணியால் துடைத்து நிறுத்திவிடாமல், சோப்பும் தண்ணீருமாகக் கழுவுங்கள். மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில்தான் கிரீம் தங்கும், உங்கள் மனைவிக்குப் போனதும் அப்படித் தங்கியதுதான். தடவிய விரலையும் கழுவ மறக்காதீர்கள். பிறகு நன்றாக ஈரம் துடைத்து ஆணுறை அணியுங்கள். வழுவழுப்பு மிச்சமிருந்தால் உறை நழுவும். தேங்காய் எண்ணெய் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அது லேடெக்ஸைக் கெடுக்கும். கிரீம் தடவிய நாளில் வாய்வழி உறவும் வேண்டாம். தொண்டை மரத்தால் புரையேறும்.

சிலர் கிரீமுக்குப் பதில் 10 சதவீத லிடோகெய்ன் ஸ்ப்ரே வாங்குகிறார்கள். ஒரு அழுத்தலில் 10 மில்லிகிராம் வரும். பல் மருத்துவத்துக்கும் தொண்டைக்கும் செய்த ஸ்ப்ரேயில் ஆல்கஹால் சேர்ந்திருக்கும், மொட்டில் பட்டால் சுரீரென்று எரியும். பென்சோகெய்ன் தடவிய ஆணுறைகளும் கடையில் உண்டு. அவற்றில் மருந்து உள்பக்கம் இருக்கும், திருப்பி மாட்டினால் மரத்துப்போவது மனைவிக்கு. எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள், கிரீமுக்கு மேல் மருந்து உறை கூடாது. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அச்சிடாத ‘டைமிங் ஆயில்’களைத் தொடவே வேண்டாம். லாட்ஜில் மாதம் ஒருமுறை முகாம் போடுபவர் தரும் களிம்புக்கும் அதே பதில்தான்.

புண், வெடிப்பு, அக்கி, பூஞ்சைத் தொற்று இருந்தால் தடவக் கூடாது. கிழிந்த தோல் மருந்தை மடமடவென்று உறிஞ்சும். மொட்டில் அடிக்கடி வெடிப்பும் அரிப்பும் வருபவர்கள் முதலில் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். ஊசி போட்டுப் பல் பிடுங்கியபோது மரப்பு மருந்து ஒவ்வாமல் போனவர்கள், ஜி-6-பி-டி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ளவர்கள், தொழுநோய்க்கான டாப்சோன், மலேரியாவுக்கான பிரைமாகுயின் அல்லது இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பிரிலோகெய்ன் அளவு மீறினால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாறும். உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு வாங்கும், தலை வலிக்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 85 வாக்கில் நின்றுவிடும், ஆக்ஸிஜன் கொடுத்தாலும் சரியாக ஏறாது. வாயைச் சுற்றி ஊசி குத்துவதுபோல இருப்பது, காதில் இரைச்சல், கிறுகிறுப்பு ஆகியவை லிடோகெய்ன் மிகுந்ததற்கு அடையாளம். எது வந்தாலும் உடனே கழுவிவிட்டு, ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். சரியாகத் தடவினால் இவ்வளவு தூரம் போவது அரிது. கைக்குழந்தைகளுக்குச் சிறிய அளவும் ஆபத்து என்பதால் ட்யூப் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 5 நாடுகளில் 500 ஜோடிகளிடம் மனைவி கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்த ஆய்வு 2005-இல் வந்தது. அதில் நடுமதிப்பு 5.4 நிமிடம்தான். வீடியோக்களைப் பார்த்து அரைமணி நேரத்துக்கு ஆசைப்பட்டால் எந்த கிரீமும் போதாது. உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு நிமிடம் என்பதால் இது சிகிச்சைக்குரிய நிலைதான். கிரீமோடு, உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, தணிந்தபின் தொடரும் பயிற்சியும் செய்யுங்கள். முன்பு நன்றாக இருந்து திடீரென்று விந்து முந்தத் தொடங்கியவர்களுக்கு விஷயம் வேறு. விறைப்புக் குறைவு, புராஸ்டேட் அழற்சி, தைராய்டு அதிகம் சுரப்பது ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். விந்து முந்துவதைத் தள்ளிப்போடும் டபோக்ஸெடின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சேர்க்காதீர்கள். மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம், இதயநோய் உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது.

குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறீர்கள் என்றால் கரு தங்க வாய்ப்புள்ள நாட்களில் கிரீமைத் தவிர்த்துவிடுங்கள். மனைவிக்கு எரிச்சல் அன்றே அடங்கியிருந்தால் எதுவும் செய்யத் தேவையில்லை. ஒரு நாளைத் தாண்டியும் இருந்தாலோ, வெள்ளைப்படுதலோ வீக்கமோ தெரிந்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் கிரீமின் பெயரைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.