பல் சீராக்க 1,60,000 ரூபாய்: சிட்டியைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: களியக்காவிளையில் இருந்து தினமும் பாறசாலைக்கு வேலைக்குப் போகிறேன். கைக்கு வரும் சம்பளம் 31,000. முன்பற்கள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. திருவனந்தபுரத்து கிளினிக்கில் கழற்றி மாட்டும் கிளியர் அலைனருக்கு 1,60,000 கேட்கிறார்கள். கம்பி போட்டால் 50,000. 'வட்டியில்லாத் தவணை'யில் மாதம் 6,667 வீதம் 24 மாதம் கட்டலாமாம். 2 லட்ச ரூபாய் சிட்டியில் (ஏலச் சீட்டு) 40 தவணையில் 28 கட்டியாச்சு. கையில் 45,000 இருக்கிறது. ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து சிட்டியை இப்போதே தள்ளி எடுக்கவா, தவணைக்குப் போகவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். 1,48,000 என்றால், அந்த 12,000தான் ஒளித்து வைத்த வட்டி. அதோடு 2 சதவீத செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 3,776. ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. கடன் வங்கியோடு, சிகிச்சை கிளினிக்கோடு. அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் மூடியபோது, பாதி சிகிச்சையில் நின்றவர்களிடமும் மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள்.

சிட்டியை இன்று 30,000 தள்ளி எடுத்தால் 1,70,000 கிடைக்கும். கடைசிவரை பொறுத்தால், 5 சதவீதக் கமிஷன் போக 1,90,000. ஆக, அவசரத்தின் விலை 20,000. போதாததற்கு மீதித் தவணைக்கு ஜாமீனும் தேட வேண்டும்.

சிகிச்சையே மாதக்கணக்கில் நடப்பது. அலைனர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போடும் பிளாஸ்டிக் தட்டுகள். 24 தட்டுகள், பத்து நாளுக்கு ஒன்று என்றால் 8 மாதம். திருத்தச் சுற்று வந்தால் ஒரு வருஷம். எனவே பணத்தையும் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: திட்டத்தை ஒப்புக்கொள்ளும்போது 40,000, ஆறாம் மாதம் 40,000, மீதி 80,000 சிட்டி முடியும்போது. வங்கிக்குக் கட்டவிருந்த அதே 6,667-ஐ ஆர்.டி.யில் போட்டால் ஆறு மாதத்தில் 40,000 சேர்ந்துவிடும். தட்டுகளை ஆர்டர் செய்ததும் கிளினிக் தயாரிப்பாளருக்குப் பணம் கட்ட வேண்டியிருப்பதால், பாதியை முன்பணமாகக் கேட்கக்கூடும். நியாயமான காரணம்தான். அப்போது குறையும் 40,000-க்கு நகையை வங்கியில் அடகு வையுங்கள். 10 சதவீதம் என்றாலும் ஆறு மாத வட்டி 2,000-க்குள் முடியும்.

1,60,000-க்குள் என்னென்ன அடக்கம் என்பதை எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சண்டை வருவது இங்கேதான். முதல் தொகுதி முடிந்தும் ஒரு பல் முழுதாகத் திரும்பாமல் நிற்பது சாதாரணம். மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதுத் தட்டுகள் செய்வார்கள். எத்தனை முறை இலவசம், எத்தனை வருஷம்வரை? தட்டு தொலைந்தால் எவ்வளவு? பல்லில் ஒட்டும் சிறு பிடிமானம் கழன்றால்? கடைசியில் பல் நகராமல் பிடித்து நிறுத்தும் ரிடெய்னர் மேலும் கீழும் சேர்த்தா? அதை இரவில் ஆண்டுக்கணக்கில் போட வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். சொத்தைக்கும் ஈறு சுத்தத்துக்கும் தனிக்கணக்கு, அது முதலில். மெடிக்ளைம் பாலிசிகள் பொதுவாக இதற்குப் பணம் தராது.

ஒன்றை மட்டும் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். தட்டு ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி, நாலு கட்டன் சாயாவுக்கு ஒரு மணி, அப்புறம் பல் துலக்கல். சாயாவைத் தட்டோடு குடித்தால் கறை படியும், சூட்டில் தட்டு நெளியும். கழற்றி வைத்து மறந்தால் பல் பின்தங்கும். அடுத்த தட்டு உட்காராமல் நுனியில் இடைவெளி தெரியும், பழைய தட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கும். அதனால் முந்தைய தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த ஒழுங்கு நடக்காது என்று தோன்றினால் கம்பியே போடுங்கள்: 50,000, சிட்டியைத் தொடவே வேண்டாம்.