பழைய டிராக்டர்ல கிளட்ச் ஸ்லிப் ஆகுது. பெடல் அட்ஜஸ்ட் பண்ணா போதுமா, பிளேட்டையே மாத்தணுமா? நாமளே மாத்த முடியுமா?

முடியும். ஆனா நீங்க ஏற்கனவே அந்த அட்ஜஸ்ட்மென்ட் நட்டை முடிஞ்ச வரைக்கும் திருகிப் பாத்துட்டு, அப்பவும் மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துது வண்டி நகர மாட்டேங்குதுன்னுதான் கேக்கறீங்கன்னு நெனைக்கிறேன். அப்படின்னா அட்ஜஸ்ட்மென்ட்டோட ஆட்டம் முடிஞ்சுது.

இன்னும் திருகிப் பாக்கலன்னா மொதல்ல இத பண்ணுங்க. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெடல கையால அமுக்குங்க. ஆரம்பத்துல லேசா போகும், அப்புறம் டக்குன்னு கனமாகும். அந்த லேசா போற தூரம்தான் ஃப்ரீ ப்ளே, நெறைய பழைய வண்டிங்கள்ல 20லேந்து 30 மில்லிமீட்டர் கிட்ட வெப்பாங்க (உங்க வண்டி புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு, நான் சொல்றது இல்ல). பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்ட அழுத்திப் புடிக்கற தட்டு) பிளைவீல் (இன்ஜின் பின்னாடி சுத்தற கனமான சக்கரம்) பக்கம் நகரும், அதனால ஃபிங்கர் (பிரஷர் பிளேட்ட விடுவிக்கற சின்ன நெம்புகோல்) எல்லாம் பின்னாடி ரிலீஸ் பேரிங்க (பெடல மிதிச்சா ஃபிங்கர அமுக்கறது) நோக்கி வரும், அதனால ஃப்ரீ ப்ளே தானா கொறஞ்சுகிட்டே வரும். அது சுத்தமா இல்லாம போச்சுன்னா நீங்க கால் வெக்காமலே யாரோ பெடல பாதி மிதிச்சிட்டு உக்காந்திருக்கற மாதிரி. அப்ப ஸ்லிப் ஆகத்தான் செய்யும், நட்டைத் திருகி ப்ளே குடுத்தா சரியாயிடும். ப்ளே சரியா இருந்தும் ஸ்லிப் ஆனா பிளேட் தேஞ்சிருக்கு இல்ல ஆயில் குடிச்சிருக்கு. சமதரைல, முன்னாடி யாரும் இல்லாதப்ப, பெரிய கியர் போட்டு பிரேக்க நல்லா அமுக்கிட்டு கிளட்ச மெதுவா விடுங்க, இன்ஜின் செத்துடணும். சாகாம ஓடிட்டே இருந்தா முடிவு தெரிஞ்சிடுச்சு. இத திரும்பத் திரும்ப பண்ணி பிளேட் மேல மிச்சம் இருக்கற கொஞ்ச லைனிங்கையும் (உராயற பட்டை) கருக்கிடாதீங்க. கியர் கரகரன்னு விழுதுன்னா அது இதுக்கு நேர் எதிர், ப்ளே அதிகமாகி கிளட்ச் முழுசா விடலன்னு அர்த்தம், ரெண்டையும் போட்டு கொழப்பிக்கறவங்கதான் ஜாஸ்தி.

இப்ப என் கதை. எங்க வண்டி என்னை விட மூத்தது. முன்னாடி ஒரு மெக்கானிக் வந்து வண்டிய ரெண்டா பிரிச்சு (கிளட்ச் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கு) பிளேட்ட மட்டும் மாத்திட்டு மூடிட்டார். பேரிங் மாத்துனீங்களா, ஆயில் சீல் பாத்தீங்களான்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு, நீ போய் வேற வேலையப் பாரு"ன்னார். கொஞ்ச நாள்லயே பெடல மிதிச்சா கீச்சுன்னு சத்தம், அப்புறம் ஸ்லிப். மெக்கானிக் அண்ணன்மாருங்க சண்டைக்கு வராதீங்க, நல்லா செய்யறவங்க நெறைய பேர் இருக்கீங்க, நான் எங்களுக்கு நடந்ததச் சொல்றேன். அப்பதான் இந்த தடவ நானே பிரிக்கறேன்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல. சித்தப்பா சிரிச்சார்.

இதுல கஷ்டம்னா கிளட்ச் இல்ல, பிரிக்கறதுதான். முன் ஆக்ஸில் நடுவுல ஒரு பின்னுல ஆடிட்டு நிக்குது, பின்பக்கத்துலேந்து கழட்டுன உடனே இன்ஜின் பக்கவாட்டுல சாயப் பாக்கும். ஆக்ஸிலுக்கும் அதத் தாங்கற பாகத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மரக்கட்டைய ஆப்பு மாதிரி இறுக்கமா அடிச்சிடணும். பின் சக்கரத்துக்கு முட்டு, கியர் பாக்ஸ் அடில அசையாத ஸ்டாண்டு, இன்ஜின் பக்கம் உருட்டற ஜாக்கி. வெறும் செங்கல் மேல நிறுத்தறவங்களப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாம், அது நொறுங்கும். பேட்டரி வயர், ஸ்டியரிங் ராடு, ஹைட்ராலிக் பைப், ஆக்சிலேட்டர் ராடு எல்லாம் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க.

தொறந்தா உள்ள நான் நெனச்சதுதான். இன்ஜின் பின் சீல் கசிஞ்சு பிளேட் முழுக்க ஆயில். அத பெட்ரோல்ல கழுவிப் போட்டா போதும்னு தம்பி சொன்னான், அது உள்ள ஊறினது, சூடானா திரும்ப வெளிய வரும், புதுசுதான் போடணும். அந்த கறுப்புத் தூசிய காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால தொடைங்க. பிளைவீல்ல நீலமா கருகின எடமும் மயிரிழை வெடிப்பும் இருந்துச்சு, லேத்துல குடுத்து முகம் தேச்சு வாங்கினோம். ரிலீஸ் பேரிங், பிளைவீல் நடுவுல இருக்கற பைலட் பேரிங், ரெண்டு பக்க சீலும் புதுசு. புது ரிலீஸ் பேரிங்க டீசல்ல முக்கிக் கழுவாதீங்க, உள்ள இருக்கற கிரீஸ் போயிடும்.

பிளேட்ட எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்னு அதுலயே எழுதியிருக்கும், பாத்துப் போடுங்க. நடுவுல நிக்க வெக்க ஒரு டம்மி ஷாஃப்ட் வேணும், நான் மரத்துல கடஞ்சு வாங்கினேன். ஃபிங்கர் மூணும் ஒரே உயரத்துல இருக்கான்னு அளந்து பாக்காம மூடக்கூடாது, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி இருந்தா கிளட்ச் விடும்போது வண்டி ஒதறும். உங்களுது டூயல் கிளட்ச்னா, அதாவது பாதி மிதிச்சா வண்டி, முழுசா மிதிச்சா பி.டி.ஓ (பின்னாடி மாட்டற கருவிய சுத்த வெக்கற ஷாஃப்ட்) நிக்கறதுன்னா, அந்த ரெண்டாவது ஸ்டேஜுக்கு தனி அட்ஜஸ்ட்மென்ட் உண்டு, அதுக்கு புஸ்தகம் இல்லாம கை வெக்காதீங்க.

சேக்கும்போது விரல் நுழையற அளவு கேப் நின்னுடுச்சு, உள்ள போகவே இல்ல. போல்ட்ட மாட்டி இறுக்கி இழுத்துடலாம்னு தம்பி ஒரே அடம். விடவே இல்ல நான். கியர் பாக்ஸ் ஷாஃப்ட் பல்லு பிளேட் பல்லுல உக்காராம இழுத்தா ஹப் (பிளேட்டோட நடுப்பகுதி) வளஞ்சு புதுப் பிளேட் போச்சு. பிளைவீல கடப்பாரையால மெல்ல மெல்ல திருப்பிட்டே தள்ளினோம், ஒரு எடத்துல தானா வழுக்கிட்டு உள்ள போச்சு. நேரா இருந்தா கையாலயே சேரும்.

வண்டி இப்ப சூப்பரா ஓடுது. ஆனா பாக்கறவங்க எல்லாம் "உங்க தம்பி கெட்டிக்காரன்மா, தனியாவே கிளட்ச் மாத்திட்டானாமே"ங்கறாங்க. அவன் டார்ச் புடிச்சான். அதையும் ஒழுங்கா புடிக்கல. ஸ்பேர் வாங்கப் போனா வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையான்னு ஒரு கேள்வி, பார்ட் நம்பர் நான் சொல்லச் சொல்ல என் பின்னாடி நிக்கற தம்பியப் பாத்து பதில். இது கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், சொல்லாம இருக்க முடியல.

புது பிளேட் போட்டு கொஞ்சம் வேலை ஓடினதும் படிஞ்சு ப்ளே மாறும், திரும்ப செக் பண்ணுங்க. ஓட்டும்போது பெடல் மேல கால ஓய்வா வெக்கற ஆளுக்கு வண்டி குடுக்காதீங்க. மாசக்கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா பெடல அமுக்கின மேனிக்கே கட்டை குடுத்து நிறுத்துங்க, இல்லன்னா துரு புடிச்சு பிளேட் பிளைவீலோட ஒட்டிக்கும்.