கவுண்டரில் சொல்லும் ‘இல்லை’

அன்புள்ள சார்,

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் இருபது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஐஏஎஸ் அதிகாரிகள் வருகிறார்கள், டாக்டர்கள் வருகிறார்கள். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மருந்துக் கொள்கை பேசும் கூட்டங்களில் எங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று நீங்கள் எழுதக் கூடாதா? அரசு ஊழியன், பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது என் தவறுதான். 1994இல் இங்கே தொடங்கிய கழகத்தைப் பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் பார்த்துச் செய்தன என்று பெருமையாக எழுதினேன். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் உள்ள தொகைக்குக் கிடங்கில் மருந்து எடுக்கலாம் என்ற ஏற்பாட்டையும் விளக்கினேன். அந்தப் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனது யார் என்று யோசிக்கவே இல்லை.

ஆனால் நாற்காலியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கிடைத்தவர்கள் டீ குடித்துவிட்டு எழுந்து வருவதை நிறையப் பார்த்தாயிற்று. உங்கள் கையில் ஏற்கெனவே இண்டெண்ட், அதாவது எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று கேட்டு அனுப்பும் பட்டியல், இருக்கிறது. அதைப் பேசுவோம்.

போன வருடம் போனதை வைத்துத்தான் பெரும்பாலும் அடுத்த வருடக் கணக்குப் போடுகிறோம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை மாதம் 10,000 போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் சரக்கு வரவில்லை. வருடக் கணக்கு 1,20,000க்குப் பதில் 1,00,000 என்று நிற்கும். ஏட்டைப் பார்க்கிறவருக்குத் தேவை குறைந்த மாதிரி இருக்கும். இண்டெண்டும் குறையும், அடுத்த வருடம் இன்னும் சீக்கிரம் தீரும். பன்னிரண்டால் வகுக்காமல், மருந்து இருந்த பத்து மாதத்தால் வகுத்தால் சரியான எண் வந்துவிடும். பாடப்புத்தகக் கணக்குதான்.

இருப்பு தீர்ந்த நாள் கணினியிலேயே தெரியுமே என்பீர்கள். சரி. தீராமல் இழுத்துப் பிடிப்பீர்களே, முப்பது நாள் மாத்திரைக்குப் பதினைந்து நாள் கொடுத்து, ‘அப்புறம் வாங்கம்மா’ என்று? அது எந்தத் திரையில் வரும்? என் அம்மாவையும் ஒருமுறை அப்படி அனுப்பினார்கள். மகளிர் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, வாஸ்தவம். முழங்கால் சும்மா விடுமா? ஆனாலும் அம்மா, “பின்னாடி நிக்கிறவங்களுக்கும் வேணுமில்ல” என்று கொடுத்தவர் பக்கமே பேசினாள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மருந்து, டாக்டர் எழுதியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, வெறுங்கையோடு போனவர் எத்தனை பேர். நோயாளி பெயர் வேண்டாம். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது யார் எழுதுவது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று மருந்தாளுநர்களுக்கான 2015ஆம் வருட விதிமுறைகள் சொல்வதையும் இதே வரிசையை வைத்துக்கொண்டுதான் நீங்கள் செய்ய வேண்டும். அதனால் எல்லா மருந்துக்கும் வேண்டாம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள்.

அந்த நோட்டோடு உள்ளே போகிறவருக்கு நாற்காலி கேளுங்கள், நானும் எழுதுகிறேன். முதல் மாதக் கணக்கை எனக்கு அனுப்பினால், ஊர் பேர் இல்லாமல் இங்கேயே போடுகிறேன்.